ராணுவம் வாங்கும் முட்டை: ஆன்லைன் கொள்முதல் என்றால் என்ன?

2023 ஜனவரியில் உக்ரைனில் ஒரு செய்தி வெளிவந்தது. படைவீரர்களின் சாப்பாட்டுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் போட்டிருந்த ஒப்பந்தத்தில் ஒரு முட்டையின் விலை 17 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று இருந்தது. கீவ் நகரத்துக் கடைகளில் அப்போது முட்டை ஏறக்குறைய 7 ஹ்ரிவ்னியாதான். உருளைக்கிழங்கும் கடை விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 1,300 கோடி ஹ்ரிவ்னியாவைத் தாண்டும். இதை எழுதியவர் யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர். அமைச்சகம் குற்றச்சாட்டை மறுத்தது, தொழில்நுட்பத் தவறு என்றது. ஆனாலும் சில நாட்களிலேயே துணை அமைச்சர் ஒருவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது விலை இல்லை. அரசாங்கம் வாங்கும் எதையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில் மற்ற நாடுகளுக்கு முன்னால் நின்ற நாடு உக்ரைன். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு முட்டையின் விலை வெளியே தெரிய, ஒப்பந்தத்தின் நகல் ஒரு பத்திரிகையாளரின் கைக்கு வந்து சேர வேண்டியிருந்தது. ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொண்டால் ஆன்லைன் கொள்முதலில் பாதி புரிந்துவிடும். அதனால் முட்டையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அடிப்படையிலிருந்து வருவோம், கடைசியில் மறுபடி முட்டைக்கே வரலாம்.

கொள்முதல் என்றால் வாங்குவது, அவ்வளவுதான். பள்ளிக்கூட மேசை, ஆஸ்பத்திரி மருந்து, சாலைக்குத் தார், போலீசுக்கு ஜீப், ராணுவத்துக்கு பூட்ஸ் எல்லாம் அரசு யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து வாங்குவதுதான். வளர்ந்த நாடுகளில் மொத்தப் பொருளாதாரத்தில் சுமார் 12, 13 சதவீதம் இப்படி அரசு வாங்கும் பொருளுக்கும் வேலைக்கும் போகிறது. நாம் வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்கினால் ஏமாந்தது நம்மோடு போயிற்று. அரசு வாங்கும்போது வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர், காசு மூன்றாவது ஒருவருடையது. இந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை, சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் டெண்டர், அதாவது ஒப்பந்தப்புள்ளி. என்ன வேண்டும் என்று அரசு அறிவிக்கும், விற்பவர்கள் விலையை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தருவார்கள், குறித்த நாளில் எல்லார் முன்னாலும் உறையைப் பிரிப்பார்கள், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளில் நடக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். யாரும் படிக்காத பத்திரிகையில் அறிவிப்பைப் போடலாம். படிவம் கேட்டுப் போனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். படிவம் வாங்கியவர்களின் பட்டியல் ஒரு இடத்தில் இருப்பதால், போட்டிக்கு யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அவர்களிடம் பேசி முடித்துவிடலாம். பெட்டி இருக்கும் அறை வாசலில் நாலு பேரை நிறுத்தி, வேறு யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். உறையைப் பக்குவமாகப் பிரித்து விலையைப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இதற்கெல்லாம் பெரிய மூளை வேண்டாம், தைரியம் இருந்தால் போதும்.

ஆன்லைன் என்று சொன்னால் எல்லாரும் ஒரே பொருளில் சொல்வதில்லை, இதில்தான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். சில இடங்களில் டெண்டர் அறிவிப்பை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டு, மற்றதெல்லாம் பழையபடி உறையும் பெட்டியுமாக நடக்கும். அதுவும் ஆன்லைன்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். அடுத்த நிலையில் விலை கொடுப்பதும் பிரிப்பதும் கணினியில் நடக்கும், ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு என்ன ஆனது என்று வெளியே தெரியாது. மூன்றாவது நிலையில்தான் என்ன தேவை என்று திட்டமிடுவதில் தொடங்கி டெண்டர், விலை, ஒப்பந்தம், சரக்கு வந்து சேர்ந்தது, பணம் போனது வரை ஒரே சங்கிலியாகத் தரவாக இருக்கும், அதை வெளியில் இருப்பவரும் எடுத்துப் பார்க்க முடியும். இந்த மூன்றாவது நிலைக்குக் கீழே இருப்பதை நான் ஸ்கேன் செய்த தாள் என்றே நினைக்கிறேன். ஒரு பிடிஎஃப் கோப்பில் கோணலாக ஸ்கேன் செய்த ஒப்பந்தத்தைப் போட்டுவைத்தால் அதில் தேடவும் முடியாது, கூட்டிக் கழிக்கவும் முடியாது, போன வருட விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியாது.

உறைக்குப் பதிலாக என்ன வந்தது

கணினியில் உறை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இந்தியாவில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய டெண்டர் மென்பொருளை மத்திய அரசுத் துறைகளும் பல மாநிலங்களும் பயன்படுத்துகின்றன, பாதுகாப்பு அமைச்சகத்துக்கென்று தனியாக ஒரு டெண்டர் தளமும் இருக்கிறது. விற்பவர் முதலில் ஒரு டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கனில் வரும். அதைக் கணினியில் செருகி, தகுதிக்கான ஆவணங்களை ஒரு உறையிலும் விலையை இன்னொரு உறையிலும் ஏற்றுவார். உறை என்பது இங்கே மறையாக்கம்: விலை அவர் கணினியை விட்டுக் கிளம்பும்போதே பூட்டப்பட்டுவிடும். அதைத் திறக்கும் சாவி, டெண்டர் திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளிடம் இருக்கிறது, அதுவும் ஒருவர் சாவி மட்டும் போதாது, குறைந்தது இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். குறித்த நேரத்துக்கு முன்னால் யார் சொன்னாலும் திறக்காது. நேரம் என்பது சர்வரின் கடிகாரம். மூன்று மணிக்கு முடிகிறது என்றால் மூன்று மணிக்கு முடிந்துவிடும், கெஞ்சினாலும் மிரட்டினாலும் கடிகாரம் நிற்காது.

இதனாலேயே இரண்டு ஐம்பதுக்கு உட்கார்ந்து பெரிய பெரிய கோப்புகளை ஏற்றப் பார்த்துத் தவறவிடுகிறவர்களும் உண்டு. கேலி செய்யும் விஷயமில்லை இது. கணினி அறை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு தையல் கூடத்துக்கு டோக்கனும் கோப்பு அளவும் பாஸ்வேர்டும் தனி மதில்களாக நிற்கும். ஆன்லைன் ஆக்கிவிட்டோம், இனி எல்லாரும் வரலாம் என்று சொல்லும் அரசுகள் இந்த மதில்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

உறை முறை தவிர, தலைகீழ் ஏலம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண ஏலத்தில் வாங்குபவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள், இதில் விற்பவர்கள் இறக்கிக்கொண்டே வருவார்கள். உக்ரைன் அரசின் இணையக் கொள்முதல் தளமான ப்ரோசோரோ இதற்குப் பெயர்போனது. ப்ரோசோரோ என்றால் அந்த மொழியில் ஒளிவுமறைவில்லாமல் என்று பொருள். 2014 புரட்சிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கத் தொடங்கியது, 2015-ல் சோதனையாக ஓடியது, 2016 ஆகஸ்டு முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமானது. சோதனைக் கட்டத்திலேயே இதில் வாங்கிப் பார்த்த அமைப்புகளில் பாதுகாப்பு அமைச்சகமும் ஒன்று.

அந்த ஏலத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மூன்று கம்பெனிகள் வந்திருக்கின்றன. யார் யார் என்று அவர்களுக்குள் தெரியாது, திரையில் பெயர் வராது, விலை மட்டும் வரும். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த நேரத்தில் அதிக விலையில் இருப்பவர் முதலில் பேச வேண்டும், அவருக்குச் சில நிமிடங்கள்தான். இறக்கலாம், அப்படியே விடலாம். குறைந்த விலையில் இருப்பவருக்குக் கடைசி வாய்ப்பு, அதாவது மற்றவர்கள் எவ்வளவு இறங்கினார்கள் என்று பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யலாம். மூன்றாவது சுற்று முடிந்ததும் பெயர்கள் தெரியவரும். இதையெல்லாம் சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து நேரலையாகப் பார்க்கலாம். அப்புறம் தோற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள், என்னென்ன ஆவணம் வைத்தார்கள் என்பதும் அங்கேயே கிடைக்கும். தோற்றவரின் காகிதம் வெளியே இருப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நியாயமில்லாமல் ஒருவரைத் தள்ளிவிட்டார்களா என்பது ஜெயித்தவரின் காகிதத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

மூன்றாவது வழி கடைத்தெரு மாதிரி. விற்பவர்கள் பொருளையும் விலையையும் பட்டியலில் போட்டு வைப்பார்கள், அலுவலகங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். இந்தியாவில் 2016 ஆகஸ்டில் தொடங்கிய அரசு மின் சந்தை, எல்லாரும் ஜெம் என்று சொல்வது, இந்த வகை. அதற்கு முன்னால் மத்திய அரசுக்கான பொதுப் பொருள்களின் விலையை முடிவு செய்துவந்த பழைய இயக்குநரகத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். 2023-24 நிதியாண்டில் ஜெம் வழியாக நடந்த கொள்முதல் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது, அதில் பெரிய வாடிக்கையாளர்களில் பாதுகாப்பு அமைச்சகமும் இருக்கிறது. சின்னத் தொகைக்கு நேரடியாக வாங்கலாம், கொஞ்சம் பெரிதானால் பல விற்பனையாளர்களை ஒப்பிட்டுக் குறைந்த விலையை எடுக்க வேண்டும், அதற்கும் மேல் போனால் டெண்டரோ தலைகீழ் ஏலமோ நடத்த வேண்டும்.

பொருளுக்கு எண் ஏன்

இது சலிப்பூட்டும் விஷயமாகத் தெரியும், ஆனால் என் பார்வையில் மொத்த ஏற்பாட்டிலும் உயிர்நாடி இதுதான். ஐரோப்பாவில் அரசு வாங்கும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எட்டு இலக்க எண்ணும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் உண்டு. முட்டைக்கு 03142500-3. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் எந்த ஊர்ப் பள்ளிக்கூடம், எந்த ஆஸ்பத்திரி, என்ன விலைக்கு முட்டை வாங்கியது என்று வரிசையாக வந்து நிற்கும். உக்ரைனும் இதே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகிறது. ராணுவங்களுக்கென்று தனியாக நேட்டோ ராணுவக் கூட்டணி வகுத்த 13 இலக்க இருப்பு எண் இருக்கிறது: முதல் நான்கு இலக்கம் என்ன வகைப் பொருள் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த நாடு பதிவு செய்தது என்று சொல்லும், மீதி ஏழு அந்தப் பொருளுக்கே உரியது. 5305 என்று தொடங்கினால் திருகாணி. ஒரே திருகாணியை மூன்று கம்பெனி மூன்று பெயரில் விற்றாலும் எண் ஒன்றாக இருந்தால் ஏமாற்ற முடியாது.

எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யாவின் அரசுக் கொள்முதல் தளத்தில் ஒரு காலத்தில் நடந்த வேலையைச் சொல்லலாம். டெண்டர் அறிவிப்பில் சில ரஷ்ய எழுத்துகளை எடுத்துவிட்டு, பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் லத்தீன் எழுத்துகளைப் போட்டுவிட்டார்கள். கண்ணுக்கு 'சாலை பழுது' என்றே தெரியும், ஆனால் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் வராது. அறிவிப்பு ஊரறிய இணையத்தில் இருக்கிறது, சட்டப்படி எந்தக் குறையும் இல்லை, ஆனால் முன்கூட்டியே தகவல் தெரிந்த வேண்டியவரைத் தவிர யாருக்கும் கிடைக்காது.

ராணுவம் என்று வந்துவிட்டால்

சரி, இதையெல்லாம் ராணுவத்துக்கு அப்படியே கொண்டுபோகலாமா? முடியாது, அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, அவற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஊருக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தினமும் இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று டெண்டர் போட்டால், அங்கே எத்தனை வீரர்கள் எப்போது வரப்போகிறார்கள் என்று எதிரிக்குத் தந்தி கொடுத்த மாதிரி. குளிர்கால உடை எத்தனை ஜோடி என்பதே ஒரு கணக்கைச் சொல்லும். எந்தக் கிடங்குக்கு எரிபொருள் போகிறது என்பது குண்டு எங்கே போட வேண்டும் என்று சொல்லும். அப்புறம் அவசரம்: சண்டை நடக்கும்போது முப்பது நாள் அவகாசம் கொடுத்து உறைக்குக் காத்திருக்க முடியாது. இன்னொன்று, ஏவுகணை மாதிரிப் பொருளுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு பேர்தான் விற்பார்கள், அங்கே ஏலம் என்பதற்கே அர்த்தமில்லை.

அதனால்தான் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டங்களிலும் ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 346-வது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்றால் ஆயுதக் கொள்முதலைப் பொதுவிதிகளுக்கு வெளியே வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு விலக்கு உண்டு. இந்தியாவில் பாதுகாப்புக் கொள்முதலே இரண்டு பாதையாகப் போகிறது: போர் விமானம், கப்பல், பீரங்கி மாதிரி மூலதனச் செலவுக்கு ஒரு விதிப்புத்தகம், அன்றாட ரேஷன், உடை, உதிரிபாகம், பழுதுபார்ப்பு மாதிரி வருவாய்ச் செலவுக்கு இன்னொன்று. ஜெம் போன்ற சந்தைக்கு வருவது பெரும்பாலும் அன்றாடப் பொருள்கள்தான்.

இந்தக் கதவு தேவை. ஆனால் அதன் வழியாக எது எது வெளியே போகிறது என்பதுதான் கேள்வி. ஏவுகணையின் எண்ணிக்கை ரகசியம், ஒப்புக்கொள்கிறேன். எந்தப் படைப்பிரிவுக்கு எத்தனை கிலோ அரிசி என்பதும் ரகசியம். ஒரு கிலோ அரிசி என்ன விலை என்பது எப்படி ரகசியமாகும்? விலை ஒரு பக்கம், எவ்வளவு, எங்கே, எப்போது என்பது இன்னொரு பக்கம். தாளில் இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம், ஒரே பக்கத்தில்தான் இருக்கும், மறைத்தால் முழுத் தாளையும் மறைக்க வேண்டும். கணினியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டம். இந்தக் கட்டத்தைக் காட்டு, அந்தக் கட்டத்தை மறை என்று சொல்லலாம். ராணுவக் கொள்முதலை ஆன்லைன் ஆக்குவதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த ஒரு வசதிதான். காலத்தையும் இப்படிப் பிரிக்கலாம்: அமெரிக்காவில் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத் தரவு பொதுமக்களுக்கான தளத்தில் 90 நாள் தாமதமாக வரும். இன்று நடப்பது எதிரிக்குத் தெரியாது, மூன்று மாதம் கழித்து வரி கட்டியவருக்குத் தெரியும்.

இப்போது முட்டைக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்ததும் உக்ரைன் அரசு டெண்டர் விதிகளைத் தற்காலிகமாக நிறுத்தி, நேரடியாக ஒப்பந்தம் போடலாம் என்றது. அந்த நாட்களில் வேறு வழியும் இருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மற்ற துறைகள் ப்ரோசோரோவுக்குத் திரும்பிவிட்டன, ஆனால் பாதுகாப்பு அமைச்சகம் திறந்த கதவு வழியாகவே வாங்கிக்கொண்டிருந்தது, ஏவுகணையோடு சேர்ந்து முட்டையும் ரகசியமாகிப் போனது.

அதோடு அந்த உணவு ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே ஒரு ஓட்டை இருந்தது. நூற்றுக்கணக்கான பொருள்களின் பட்டியலுக்குச் சேர்த்து ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசினார்கள். மொத்தம் சரியாக இருந்தால் போதும், உள்ளே எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதை யாரும் கவனிப்பதில்லை. இது எப்படித் தவறாகப் போகும் என்று ஒரு சின்னக் கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். பட்டியலில் இரண்டே பொருள்: உருளைக்கிழங்கு கிலோ 10, உலர் அத்தி கிலோ 100. பத்துக் கிலோ கிழங்கும் ஒரு கிலோ அத்தியும் சேர்ந்து 200. இப்போது ஒரு விற்பனையாளர் கிழங்குக்கு 18, அத்திக்கு 20 என்று எழுதுகிறார். பத்துக் கிலோ கிழங்கு 180, அத்தி 20, மொத்தம் அதே 200. காகிதத்தில் இருவரும் சமம். ஆனால் முகாம்களில் அத்தியை யாரும் கேட்பதில்லை, கிழங்குதான் மூட்டை மூட்டையாகக் கேட்கிறார்கள். நூறு கிலோ கிழங்குக்கு முதல் கணக்கில் 1,000, இரண்டாவது கணக்கில் 1,800. அடிக்கடி கேட்கும் பொருளின் விலையை ஏற்றி, யாரும் கேட்காததின் விலையை இறக்கிவைக்கும் இந்த உத்திக்கு உறையை உடைக்கவும் வேண்டாம், வாசலில் ஆள் நிறுத்தவும் வேண்டாம். அந்த நாட்டு ராணுவ உணவு ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசியவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இந்த ஓட்டையைத்தான். ஒவ்வொரு பொருளின் விலையும் தனித்தனியாக வெளியே தெரிந்தால், சந்தை விலை தெரிந்த யாராவது ஒருவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்.

செய்தி வெளிவந்த சில வாரங்களிலேயே, போர்க்காலத்திலும் ஆயுதமல்லாத பொருள்களின் விலையை வெளியிட வேண்டும் என்று உக்ரைன் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. உணவு, உடை, எரிபொருள் மாதிரிப் பொருள்களை வாங்க ஆயுதக் கொள்முதலிலிருந்து பிரித்து ஒரு தனி நிறுவனம் அமைத்தார்கள், அது 2024-லிருந்து ப்ரோசோரோ வழியாக வாங்கத் தொடங்கியது. அதே நிறுவனம் உருவாக்கிய மென்பொருளில் படைப்பிரிவுகள் உணவுக்கு ஆர்டர் போடுவது முதல், வந்ததற்குக் கையெழுத்துப் போடுவது வரை கணினியிலேயே செய்யலாம். 2025-ல் இன்னும் ஒரு படி போய், தங்களுக்கு ஒதுக்கிய தொகையில் எந்த ட்ரோன் வேண்டும் என்று படைப்பிரிவுகளே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும், காசை அரசு கொடுக்கவும் வழி செய்தார்கள். பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கிறார், பாருங்கள். முதலில் சொன்ன அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு இடையே இருந்த தூரம் இங்கே குறைகிறது.

கணினி தொடாத இடங்கள்

ஆன்லைன் ஆக்கினால் திருட்டு ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்கொரியா 2002-ல் நாடு முழுவதற்கும் ஒரே கொள்முதல் தளம் தொடங்கியது, உலகம் முழுவதும் பாராட்டு. ஒருவர் சான்றிதழை இன்னொருவர் இரவல் வாங்கி டெண்டர் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் விரல்ரேகையைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கும் பிறகு இன்னொன்று வெளிவந்தது. அங்கே கட்டுமான டெண்டர்களில் அரசின் உத்தேச விலையை யாரும் முன்கூட்டி அறியக் கூடாது என்பதற்காக, கணினி 15 விலைகளை உருவாக்கும், டெண்டர் போடுபவர்கள் குலுக்கல் மாதிரி எண்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அதிகம் தேர்வான 4 விலைகளின் சராசரிதான் அடிப்படை. அந்த அடிப்படையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போகாமல், அதற்கு மிக அருகில் யார் வருகிறாரோ அவருக்கு வேலை. ஒரு கும்பல் அதிகாரிகளின் கணினியிலும் ஒப்பந்ததாரர்களின் கணினியிலும் தீங்கு நிரலை நுழைத்து, அந்த 15 விலைகளையும் தேர்வையும் தங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றிவிட்டது. மத்திய சர்வரை யாரும் தொடவில்லை. கோட்டைச் சுவர் அப்படியே இருந்தது, திருடன் வந்தது அதிகாரியின் மேசை மேலிருந்த கணினி வழியாக.

வேறு சில ஓட்டைகள் இன்னும் பழசு. ஒரே கம்பெனியால் மட்டும் தர முடிகிற மாதிரி தேவையை எழுதுவது: பூட்ஸின் கயிற்றுத் துளை எத்தனை என்பது வரை. ஏலம் நடத்த வேண்டிய தொகைக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி ஒரே கொள்முதலை நாலாகப் பிரிப்பது. போட்டியாளர்கள் வெளியே உட்கார்ந்து பேசி, இந்தமுறை நீ, அடுத்தமுறை நான் என்று பங்கு போட்டுக்கொள்வது. இவற்றைக் கணினி தடுக்காது, ஆனால் தடயத்தைப் பிடித்து வைத்திருக்கும். போட்டியாளர் என்று சொல்லிக்கொண்ட இரண்டு பேரின் விலைப்புள்ளியும் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்திருக்கும், இரண்டு ஆவணத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும், ஐந்து வருடமாக இருவரும் மாறி மாறி ஜெயித்திருப்பார்கள். தென்கொரியாவின் போட்டி ஆணையம் இந்த மாதிரித் தடயங்களைத் தானாகத் தேடும் மென்பொருளையே வைத்திருக்கிறது.

குறைந்த விலைக்கே வேலை என்ற விதியும் யோசிக்க வேண்டியது. மேசைக்கு அது சரி, குண்டு துளைக்காத உடைக்கு அது சரியா? உடை நெஞ்சில் குண்டு வாங்கும் நொடியில் 3 சதவீதம் மிச்சம் பிடித்தது யாருக்கும் ஆறுதலாக இருக்காது. அதனால் தரச் சோதனை, ஆயுள், பராமரிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்து விலையோடு சேர்த்துப் பார்க்கும் முறைகள் இருக்கின்றன. எழுதுவது கஷ்டம், மதிப்பெண் போடும் இடத்தில் மறுபடி மனிதர் வந்துவிடுவார், ஆனாலும் சில பொருள்களுக்கு வேறு வழியில்லை.

விலை வெளியே தெரிந்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும், இது பார்ப்பவர்களுக்கான எச்சரிக்கை. 1983-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு சுத்தியலை 435 டாலருக்கு வாங்கியது என்று செய்தி வந்து நாடே கொதித்தது, இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது, மேற்செலவைப் பட்டியலில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரே தொகையாகப் பங்கு போட்டிருந்தார்கள், 15 டாலர் சுத்தியலுக்கும் 420, விலை உயர்ந்த கருவிக்கும் அதே 420. சுத்தியல் அநியாயமாகத் தெரிந்தது, அந்தக் கருவி மலிவாகத் தெரிந்திருக்கும். கணக்கு போட்ட விதம் மோசம்தான், ஆனால் சுத்தியலில் யாரோ 420 டாலர் அடித்துவிட்டார்கள் என்று சொல்வதும் தவறு. ஒரு எண் விசித்திரமாகத் தெரிந்தால் அது விசாரணைக்கு ஆரம்பம், தீர்ப்பு இல்லை.

உங்களுக்கே பார்க்க ஆசையாக இருந்தால், எந்த நாட்டுத் தளமாக இருந்தாலும் சின்னதாக ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் விலை அறிந்த பொருளாக: நாற்காலி, அரிசி, போர்வை. எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள், ஒரே ஒருவர் என்றால் தேவையை எழுதியிருக்கும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். தள்ளப்பட்டவர் யார், என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு விலையோ அளவோ திருத்தப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏலத்தில் குறைத்துச் சொன்னதைத் திருத்தத்தில் ஏற்றிக்கொள்வது பழைய வழக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடைசியில் ஒரு கிடங்கு வாசலில் லாரி வந்து நிற்கும். ஒரு ஹவில்தார் இறங்கிவந்து மூட்டையை எடைமேடையில் ஏற்றுவார். திரையில் 50 கிலோ என்று இருக்கும், முள் 46-ல் நிற்கும். அவர் கையில் இருக்கும் போனில் எந்த எண்ணை அடிக்கிறாரோ அதுதான் தரவாக மேலே போகும், அதை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகும்.